பிஞ்சுக் கை பதிந்த நினைவுப் பொருட்கள்: முதன்முறை செய்பவர்களுக்கு

குழந்தையின் கையையும் காலையும் வார்த்து, தங்க வண்ணம் பூசிச் சட்டம் போட்டுத் தருகிற கடைகள் இப்போது பெரிய ஊர்களில் இருக்கின்றன. ரேகைகூடத் தெரியும். அழகாகத்தான் இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். ஆனால் அதில் குழந்தைக்கு ஒரே ஒரு வேலைதான்: ஆடாமல் அசையாமல் கையை நீட்டிக்கொண்டிருப்பது. வீட்டில் செய்தால் அந்த நேர்த்தி வராது. தடம் கொஞ்சம் இழுபடும், சுண்டுவிரல் பதியாமல் போகும், ஓரத்தில் யாரும் கேட்காத ஒரு பொட்டு விழும். அந்தப் பொட்டைத் துடைக்காமல் விட்டுவைக்க மனம் வருமானால் மேலே படியுங்கள். பல வருடம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது எல்லோருடைய கண்ணும் முதலில் அதன் மேல்தான் போகும்.

இங்கே சொல்லப்போவது நான்கு வேலைகள்: தாளில் கைத்தடம், பழைய புடவைத் துணியில் தடம், பிளாஸ்டரில் வார்ப்பு, குழந்தை கிறுக்கிய படத்தைத் தையலில் எடுப்பது. நான்கையும் ஒரே விடுமுறையில் முடிக்கப் பார்க்க வேண்டாம். முதல்முறை என்றால் தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வயதைப் பார்த்துத் தொடங்குங்கள்

பிறந்து மூன்று நான்கு மாதம் வரை குழந்தை பெரும்பாலும் கையை மூடியே வைத்திருக்கும். உள்ளங்கையில் எது பட்டாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அது பிறவியிலேயே வருகிற அனிச்சைச் செயல். அந்த வயதில் கைத்தடம் எடுக்கப் போராடினால் வண்ணம் விரலிடுக்கில் அப்பிக்கொள்ளும், அப்புறம் அந்தக் கை நேராக வாய்க்குப் போகும். காலை எடுங்கள். பால் குடித்துவிட்டு அரைத்தூக்கத்தில் இருக்கும்போது காலை எடுப்பது சுலபம். பாதம் வாய்க்கு எட்டவும் எட்டாது.

ஒன்று ஒன்றரை வயதில் கை விரியும், ஆனால் பொறுமை இருக்காது. பெரியவர் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள, ஒருவர் தாளைப் பிடிக்க. ஒன்றரை வயதை ஒட்டிக் கிறுக்கல் தொடங்கும். இரண்டரை, மூன்று வயதில்தான் 'நானே வைக்கிறேன்' என்று குழந்தை தானாகக் கையை அழுத்தும். செய்வதற்கு மிகவும் சுகமான வயது அது.

மூன்று வயதுக் குழந்தைக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம். கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை அரிசி மாவில் கண்ணன் கால் வைக்கிறோமே, அது கையால் வைக்கிற கால். கையை முஷ்டியாக மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் வைத்தால் பாதம்; விரல்நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் கால்விரல்கள். அதையே வண்ணத்தில் தோய்த்துத் தாளில் செய்யச் சொல்லுங்கள். குழந்தையின் நிஜமான காலடி ஒரு பக்கம், அதன் கையால் வைத்த கண்ணன் கால் மறுபக்கம். இரண்டும் ஒரே தாளில் வரும்போது பார்ப்பவர்களுக்கு எது கால், எது கை என்று ஒரு நிமிடம் குழப்பம் வரும். குழந்தைகளுக்கு இந்த ஏமாற்று வேலை ரொம்பப் பிடிக்கும்.

வண்ணம்: சமையலறையில் தேட வேண்டாம்

சின்னக் குழந்தை என்றதும் பலருக்கும் மஞ்சள்தூளும் பீட்ரூட் சாறும்தான் நினைவுக்கு வரும். வாய்க்குப் போனாலும் பயமில்லை என்பது உண்மை. விளையாட்டுக்கு நல்லது. நினைவுப் பொருளுக்கு ஆகாது. மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுத்துப் போகும். பீட்ரூட்டின் சிவப்பு அதைவிடச் சீக்கிரம் பழுப்பாகி மங்கும். சுவரில் மாட்டினால் சட்டம் மட்டும்தான் மிஞ்சும்.

தாளுக்கு, நச்சில்லாதது என்று டப்பாவில் போட்டிருக்கும் போஸ்டர் கலர் அல்லது குழந்தைகளுக்கென்றே விற்கும் விரல் வண்ணம் போதும். இரண்டும் தண்ணீரில் கரைபவை, சோப்புப் போட்டால் போய்விடும். துணிக்கு ஃபேப்ரிக் பெயின்ட் வேண்டும். அது அக்ரிலிக், காய்ந்தால் தோலில் பிளாஸ்டிக் போல ஒட்டிக்கொள்ளும். அதனால் ஈரமாக இருக்கும்போதே கழுவிவிட வேண்டும். கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல், ஆயில் பெயின்ட் எதையும் குழந்தையின் தோலில் வைக்கவே கூடாது. அலுவலக ஸ்டாம்ப் பேட் மையையும் சிலர் பயன்படுத்துவார்கள். தடம் தெளிவாக வரும், ஆனால் கை நாள்கணக்கில் ஊதாவாகவே இருக்கும். புதிய வண்ணம் எதுவானாலும் முந்தைய நாள் குழந்தையின் முழங்கைப் பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். சிவந்து தடித்தால் வேண்டாம்.

நிறம் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயம். கருநீலம், கரும்பச்சை, மெரூன் போன்ற அழுத்தமான நிறங்களில்தான் ரேகை தெரியும். மஞ்சளும் வெளிர் இளஞ்சிவப்பும் டப்பாவில் அழகு, தாளில் சோகை. இரண்டு நிறம் வேண்டும் என்று குழந்தை அடம்பிடித்தால் கலந்தாலும் கெடாத ஜோடியாகக் கொடுங்கள்: நீலமும் மஞ்சளும் பச்சையாகும், சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சாகும். சிவப்பையும் பச்சையையும் கொடுத்தால் சேற்று நிறம்தான்.

தாளில் கைத்தடம்

தாள் நன்றாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வாங்குகிற மெல்லிய சார்ட் வண்ணத்தின் ஈரத்தில் நெளியும், சில வருடங்களில் பழுப்பேறும். மலிவான தாளில் மரக்கூழிலுள்ள லிக்னின் என்கிற பொருள் நிறைய இருக்கும். வெளிச்சம் பட்டு மஞ்சளாவது அதனால்தான். ஓவியர்கள் வாட்டர்கலருக்கு வாங்குகிற கனமான தாள் ஒன்றிரண்டு வாங்குங்கள். இல்லையென்றால் பருத்தித் துணிக்கூழில் செய்த கைவினைத் தாள். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த தாள் ஆலை 1959 முதல் இப்படிப்பட்ட தாளைச் செய்துவருகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லி வாங்கிவரலாம். பழகுவதற்கு மட்டும் சாதாரணத் தாள் போதும்.

குழந்தையைக் கூப்பிடுவதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இதுதான் மொத்த வேலையில் பாதி. தரையில் செய்தித்தாள், அதன் மேல் மடித்த துண்டு, துண்டின் மேல் நல்ல தாள். ஒரு தட்டில் வண்ணம். பக்கத்தில் இரண்டு ஈரத்துணி, ஒரு காய்ந்த துணி. குழந்தைக்குப் பழைய பனியன் அல்லது வெறும் ஜட்டி. குளிக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டால் வேலை முடிந்ததும் அப்படியே குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். தூங்கி எழுந்து, வயிறு நிறைந்து, விளையாட்டு மனநிலையில் இருக்கும் நேரமாக இருக்கட்டும். மொத்தம் பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாளுக்கு அடியில் துண்டு எதற்கு? உள்ளங்கை தட்டையானது அல்ல, நடுவில் குழி. கெட்டியான தரையில் தாளை வைத்து அழுத்தினால் விரலும் மேடும் பதியும், நடுவில் வெள்ளையாக ஓட்டை விழும். அடியில் மெத்தென்று இருந்தால் தாள் குழிக்குள் எழும்பி முழுக்கையும் பதியும்.

கையை வண்ணத்தில் முக்க விடாதீர்கள். தயிர் பதத்தில் வண்ணத்தைக் கரைத்து, ஒரு துண்டு ஸ்பான்ஜால் உள்ளங்கையில் மெல்லிசாகத் தட்டித் தட்டிப் பூசுங்கள். தூரிகையால் பூசினால் கூசும், கை மூடிக்கொள்ளும். விரல்நுனிகளையும் கட்டைவிரலின் அடிப்பகுதியையும் மறக்க வேண்டாம். பிறகு கையைத் தாளில் வைத்து, மேலே உங்கள் கையை வைத்து ஒவ்வொரு விரலாக அழுத்தி, நேராக மேலே தூக்குங்கள். சாய்த்து எடுத்தால்தான் இழுபடும்.

இப்போது முக்கியமான இடம். கையில் புதிதாக வண்ணம் பூசாமல், அப்படியே பக்கத்தில் இன்னொரு முறை வையுங்கள். முதல் தடத்தில் வண்ணம் அதிகமாக இருந்து ரேகையெல்லாம் மூழ்கிப்போயிருக்கும். இரண்டாவது தடம் வெளிறினாலும் அதில்தான் ரேகை, விரல் மடிப்பு, சின்னச் சுருக்கம் எல்லாம் வரும். மரக்கட்டை அச்சு, லினோ அச்சு போடுபவர்களும் முதல் பிரதியை நம்ப மாட்டார்கள். மூன்று நான்கு தடம் எடுத்துவிட்டுப் பிறகு நல்லதைத் தேர்ந்தெடுங்கள்.

கைக்குழந்தையின் காலுக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். காலைத் தாளுக்குக் கொண்டுவராமல் தாளைக் காலுக்குக் கொண்டுபோங்கள். கெட்டி அட்டையின் மேல் தாளைக் கிளிப் போட்டு, குதிகாலில் தொடங்கி விரல் வரை உருட்டினாற்போல் அழுத்தி எடுத்தால் போதும். 

நல்லபடியாக ஒரு கை பதிந்ததும் பெரியவர்களுக்கு ஒரு ஆசை வரும். அதற்குக் கண் வைத்து, அலகு வைத்து, மயிலாகவோ யானையாகவோ மாற்றிவிட வேண்டும் என்று. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். கை கையாகவே இருக்கட்டும். அலங்காரம் வேண்டுமென்றால் அதைக் குழந்தையிடம் விடுங்கள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, வழவழப்பைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, வண்ணத்தில் தொட்டு ஓரமெல்லாம் பூப்பூவாக வைக்கச் சொல்லுங்கள். வழவழப்பை ஒற்றாமல் விட்டால் வண்ணம் நீர்த்து வழியும். பாகற்காய்த் துண்டு ஓரம் சுருள்சுருளாக வரும், பூவரச இலையின் அடிப்பக்கத்தில் வண்ணம் பூசி வைத்தால் நரம்பு வரும். குழந்தை எல்லாப் பூவையும் ஒரே மூலையில் குவித்துவிடும். குவிக்கட்டும்.

பழைய புடவையில்

பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்திப் புடவையின் வெளிர்நிறப் பகுதி இதற்கு மிக நல்ல துணி. தூளி கட்டிய புடவையாக இருந்தால் அதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைக்காது. புதுக் காடாத் துணி வாங்கினால் அதில் கஞ்சி இருக்கும். கஞ்சி போகத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டபின்தான் வண்ணம் பிடிக்கும்.

துணிக்கு அடியில் மடித்த துண்டும் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளும் வைத்து, துணியின் நான்கு பக்கத்தையும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். மற்றபடி செய்முறை தாளுக்குச் சொன்னதேதான். துணி வண்ணத்தை உறிஞ்சும் என்பதால் கொஞ்சம் தாராளமாகப் பூசலாம். தடம் வைத்ததும் கையை உடனே கழுவிவிடுங்கள். காய்ந்துபோயிருந்தால் தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சற்று ஊறவிட்டுச் சோப்புப் போடுங்கள். துணி ஒரு நாள் முழுக்கக் காயட்டும். அப்புறம் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் வண்ணம் துணியோடு பிடித்துக்கொள்ளும். நீராவி வேண்டாம். துவைப்பதற்கு இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். வண்ண டப்பாவில் போட்டிருக்கும் குறிப்பு இதற்கு மாறாக இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

துணியின் நல்ல குணம், மடித்து வைத்து மறுபடி எடுக்கலாம். நீளமாக ஒரு துண்டு வெட்டி, ஒவ்வொரு பிறந்தநாளிலும் ஒரு கை என்று வரிசையாகப் பதித்துக்கொண்டு போகலாம். முதல் பிறந்தநாளின்போதே எத்தனை கைக்கு இடம் வேண்டும் என்று அளந்து விடுங்கள். கை வளரும் என்பதால் இடைவெளியும் அகலமாகிக்கொண்டே போக வேண்டும்.

குடும்பமாகச் செய்ய விரும்பினால் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கலாம். தாத்தாவின் கை முதலில், வெளிர் நிறத்தில். அது நன்றாகக் காய்ந்தபின் அம்மா அல்லது அப்பாவின் கை, சற்று அழுத்தமான நிறத்தில். கடைசியாக உள்ளங்கைக்குள் அடங்குகிறாற்போல் குழந்தையின் கை, கருநீலத்தில். வரிசை மாறினால் சின்னக் கை பெரிய கைக்கு அடியில் காணாமல் போகும். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கும் சமயத்தில் செய்துவிடுங்கள். வயதானவர்கள் கையில் வண்ணம் பூச முதலில் கூச்சப்படுவார்கள், பேரன் பேத்தி ஸ்பான்ஜோடு வந்தால் மறுக்க மாட்டார்கள்.

உப்பு மாவா, பிளாஸ்டரா?

தட்டையான தடம் போதாது, தொட்டுப் பார்க்கும்படி வேண்டும் என்கிறவர்களுக்கு இரண்டு வழி. எல்லோரும் சொல்வது உப்பு மாவு: மைதா 2 பங்கு, தூள் உப்பு 1 பங்கு, தண்ணீர் 1 பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைந்து, ஒரு செ.மீ. கனத்துக்குத் தட்டி, கையை அழுத்தி, மாட்டுவதற்கு ஸ்ட்ராவால் ஓட்டை போட்டு, ஓவனில் 100 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரமோ, நல்ல வெயிலில் சில நாட்களோ திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைப்பது. செலவே இல்லை, பிசைவதும் குழந்தைக்குக் கொண்டாட்டம்.

ஆனால் கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்க்கிறோமே, அதே கதைதான். ஐப்பசி கார்த்திகையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ சுவரில் மாட்டிய உப்பு மாவுக் கை வியர்த்து, மெத்தென்று ஆகி, ஒருநாள் கீழே விழும். முன்னும் பின்னும் ஓரமும் விடாமல் வார்னிஷ் பூசினால் ஓரளவு தாங்கும். மைதா என்பதால் எறும்பும் வண்டும் வேறு. கோவை, சேலம் போன்று கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் கோடையில் செய்தால் நன்றாக இருக்கும். எங்கே செய்தாலும் ஒரு எச்சரிக்கை: அந்த மாவில் உப்பு மிக அதிகம். குழந்தையோ வீட்டு நாயோ அதைத் தின்ன விடக்கூடாது. நாய்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

நீண்ட நாள் நிற்பது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஹார்டுவேர் கடையில் பிஓபி என்று கேட்டால் கிடைக்கும். இதில் ஒரு விதியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் மீறாதீர்கள்: குழந்தையின் கை ஈரமான பிளாஸ்டரைத் தொடவே கூடாது. பிளாஸ்டர் கெட்டியாகும்போது சூடாகும், மொத்தமாக இருந்தால் 60 டிகிரி வரை போகும், கையும் உள்ளே மாட்டிக்கொள்ளும். 2007 இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி ஓவிய வகுப்பில் 16 வயது மாணவி கையை வார்ப்பதற்காகப் பிளாஸ்டர் வாளிக்குள் கையை விட்டாள். தீக்காயத்தில் பெரும்பாலான விரல்களை இழந்தாள். கையைக் களிமண்ணில் பதித்து, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரை ஊற்றுவதே சரியான முறை.

1. மண்பாண்டம் செய்பவர்களிடமிருந்து பிசைந்த களிமண் வாங்குங்கள். விநாயகர் சதுர்த்தி சமயத்தில் எந்த ஊரிலும் கிடைக்கும். இல்லையென்றால் குழந்தைகள் விளையாடும் களிமண். சப்பாத்தி மாவு ஆகாது. அதன் இழுவைத் தன்மையால் பதித்த பள்ளம் திரும்பச் சுருங்கிக்கொள்ளும்.

2. காலியான ஸ்வீட் பெட்டியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, 3 செ.மீ. உயரத்துக்குக் களிமண்ணை அப்பிச் சமமாகத் தட்டுங்கள். தட்டுவது குழந்தையின் வேலை. எவ்வளவு அடித்தாலும் தகும்.

3. குழந்தையின் கையில் துளி தேங்காய் எண்ணெய் தடவி, விரித்துவைத்து, ஒவ்வொரு விரலாக அழுத்துங்கள். ஒரு செ.மீ. ஆழம் வேண்டும். விரல்கள் ஒட்டியிருந்தால் நடுவிலிருக்கும் மண் உடைந்துவிடும், விரித்தே வையுங்கள். மனதுக்கு ஒப்பவில்லையா? மண்ணைச் சமமாக்கி மறுபடி. களிமண்ணின் வசதியே அதுதான். கையைச் சுற்றிச் சிப்பி, இலை, பொம்மைக் காரின் சக்கரம் என்று எதை வேண்டுமானாலும் குழந்தை அழுத்தலாம்.

4. இதற்கு மேல் குழந்தைக்கு வேலை இல்லை, கையைக் கழுவி வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். பிளாஸ்டர் தூள் மூச்சில் போகக் கூடாது. நீங்களும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

5. வளையும் பிளாஸ்டிக் மக்கில் முதலில் 1 கப் தண்ணீர். அதன் மேல் 2 கப் தூளைத் தூவினாற்போல் போடுங்கள். தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு நிமிடம் ஊறவிட்டு, நுரை வராமல் மெதுவாகக் கலக்குங்கள்.

6. முதலில் கொஞ்சம் எடுத்துப் பழைய தூரிகையால் விரல் பள்ளங்களில் தடவிவிட்டு, மீதியை ஒரு ஓரத்திலிருந்து மெல்ல ஊற்றுங்கள். பெட்டியை லேசாகத் தட்டினால் காற்றுக்குமிழி மேலே வந்துவிடும். கெட்டியாகத் தொடங்கும்போது மேல் ஓரத்தில் ஒரு கம்பி வளையத்தைச் செருகிவிட்டால் மாட்டுவதற்கு ஆகும்.

7. தொட்டால் சூடாக இருக்கும். அது ஆறிக் கெட்டியாகும் வரை, சுமார் ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பெட்டியைக் கிழித்துக் களிமண்ணை உரியுங்கள். ஒட்டியிருக்கும் மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் தண்ணீரில் மெதுவாகக் கழுவினால் உள்ளங்கை மேல்நோக்கிப் புடைத்து நிற்கும்.

மிச்சப் பிளாஸ்டரைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் கல்லாகிவிடும், பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும். மக்கிலேயே இறுகவிட்டு, மக்கை அமுக்கினால் கழன்று வரும், குப்பையில் போடுங்கள். வார்ப்பு உள்ளேயும் காய மூன்று நான்கு நாள் ஆகும். காய்ந்தபின் போஸ்டர் கலரைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு விரல் பச்சை, ஒரு விரல் கறுப்பு, விரல்நுனியில் மட்டும் சிவப்பு என்று அது பூசும். வெள்ளையாக விட்டிருந்தால் எந்தக் குழந்தையின் கையாகவும் இருந்திருக்கும்.

கிறுக்கலைத் தையலில் எடுப்பது

மூன்றரை, நான்கு வயதில் குழந்தைகள் மனிதர்களை வரையத் தொடங்குவார்கள். பெரிய வட்டத்தில் கண்ணும் வாயும், வட்டத்திலிருந்தே நேராக இரண்டு கால். உடம்பு இருக்காது. காதிலிருந்து கை வரும். உலகம் முழுக்கக் குழந்தைகள் ஏறக்குறைய இப்படித்தான் வரைகிறார்கள், கொஞ்ச காலத்தில் உடம்பு வந்து சேர்ந்துவிடும். அதனால் இந்தப் படங்கள் கிடைக்கிற காலம் குறைவு. ஒன்றையாவது பிடித்துவைக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி தையல். சங்கிலித் தையல் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுங்கள். கோடு குறைவாக, ஒரே ஆள் அல்லது ஒரே மிருகம் இருப்பது நல்லது. பகலில் ஜன்னல் கண்ணாடியில் படத்தை ஒட்டி, அதன் மேல் துணியை ஒட்டினால் கோடு தெரியும். மென்மையான பென்சிலால் எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டித் துணி என்றால் தையல் கடையில் கிடைக்கும் மஞ்சள் கார்பன். படத்தைச் சின்னதாக்க வேண்டுமென்றால் ஜெராக்ஸ் கடையில் சொன்னால் செய்து கொடுப்பார்கள்.

துணியை வட்டச்சட்டத்தில் இறுக்கி, ஆறு இழை நூலிலிருந்து இரண்டு அல்லது மூன்று இழை பிரித்துக்கொண்டு, கோட்டின் மேலேயே காம்புத் தையலோ சங்கிலித் தையலோ போட்டுக்கொண்டு போங்கள். வளைவு வரும் இடங்களில் தையலைச் சின்னதாக்கினால் கோட்டின் நடுக்கம் அப்படியே வரும். அந்த நடுக்கத்தைத்தான் எடுக்க வேண்டும். கை பழகியவர்கள் தெரியாமலேயே கோட்டை நேராக்கிவிடுவார்கள், வட்டத்தை மூடிவிடுவார்கள். மூடாத வட்டம் மூடாமலே இருக்கட்டும். மூன்று விரல் இருந்தால் மூன்றுதான்.

நூலின் நிறத்தைக் குழந்தை சொல்லட்டும். நான்கு வயதுக்கு மேல் என்றால், பெரிய துளையும் மழுங்கிய முனையும் உள்ள ஊசியும் கோணித்துணியும் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைக்கலாம். ஒரு பொத்தானை அதுவே தைத்துவிட்டால் அதையும் கண்ணாக வைத்துவிடுங்கள். சின்னக் குழந்தை வீட்டில் இருந்தால் பொத்தானும் ஊசியும் வேலை முடிந்ததும் எண்ணி எடுத்து வைக்க வேண்டும். முடித்ததைத் தலையணை உறையாகவோ பையாகவோ தைக்கலாம், வட்டச்சட்டத்தோடு அப்படியே சுவரில் மாட்டலாம்.

பின்பக்கத்தில் எழுதுவது

இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் சில வருடங்களில் எது யாருடைய கை என்று சண்டை வரும்.

தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பென்சில் கரி மங்காது, ஈரத்தில் பரவாது. பால்பாயின்ட் மையும் ஸ்கெட்ச் பேனாவும் வெளுக்கும், மறுபக்கம் ஊறும். தேதி, பெயர், வயது, எந்த ஊர், எந்த வீடு, கையைப் பிடித்தது யார். படமாக இருந்தால் குழந்தை அதைப் பற்றிச் சொன்னதை அதன் மழலையிலேயே எழுதுங்கள். 'இது அப்பா, அப்பா மழேல நனையுது' என்று சொன்னால் அப்படியே. அன்றைக்கே எழுத வேண்டும். மறுநாள் கேட்டால் அது அப்பா இல்லை, குரங்கு என்று சொல்லிவிடும். தடம் எடுக்கும் முன்பே எழுதிவிட்டால் அழுத்தம் முன்பக்கம் தெரியாது.

எடுத்து வைப்பது

லாமினேஷன் வேண்டாம். சூடாக்கி ஒட்டியபின் பிரிக்க முடியாது, ஈரம் உள்ளே மாட்டினால் பூசணம் பிடிக்கும். செல்லோ டேப்பும் வேண்டாம், சில வருடங்களில் பழுப்பாகிக் கறை படியும். சட்டம் போடுகிற கடையில், கண்ணாடி தாளில் படாமல் இடைவெளி விடுகிற மவுன்ட் அட்டை வைத்துப் போடச் சொல்லுங்கள். கண்ணாடி வண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் புழுக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். வெயில் நேராக விழாத சுவரில் மாட்டுங்கள்.

சட்டம் போடாதவற்றைச் சுருட்டாமல் தட்டையாக, இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். பரணும், தரையோடு ஒட்டிய அலமாரியும் ஆகாது. ராமபாணப் பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து வைத்து அவ்வப்போது மாற்றினால் போதும்; ஓலைச்சுவடிகளுக்கு வைத்ததும் இவைதான். அந்துருண்டை வேண்டாம். குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்வார்கள், அதிலிருக்கும் நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஜி6பிடி என்கிற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது பெரிய ஆபத்து.

எல்லாவற்றையும் ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள். ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து.

வெளியூரிலிருக்கும் தாத்தா பாட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் தாள், துணி இரண்டும் கூரியரில் கவலையில்லாமல் போகும். தாளுக்கு இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து ஒட்டுங்கள். பிளாஸ்டர் கையைக் கூரியரில் விட வேண்டாம், விரல்தான் முதலில் உடையும். ஊருக்குப் போகும்போது துண்டில் சுற்றி, பெட்டியில் போடாமல் கைப்பையில் எடுத்துப் போங்கள்.